முழங்கும் புகையின் இரு கரைகள்

தொலைவிலுள்ள ஓரூருக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்வோர் இரு வகையினர். பார்க்கவேண்டியவற்றை நீண்ட பட்டியலாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்டவுடன் கோடு கீறிவிட்டு அடுத்ததற்கு விரைபவர் ஒரு வகையினர். ஒன்றிரண்டை மாத்திரம் தெரிந்தெடுத்து, அவற்றின் முன்னே ஆறுதலாக நின்று, கண்ணும் மனமும் நிறைந்தபின் மீள்பவர் மற்றை வகையினர். எழுபத்தைந்து வயதினைத் தாண்டிவிட்ட எம் போன்றோருக்கு இரண்டாம் வகையே உகந்தது. முழங்கால் அதற்கு மேல் இடங்கொடாது. ஆயினும், அதனால் யாம் இழந்தது மிகச் சிறிது, பெற்றது மிகப் பெரிது என்பதனை எம் கல்லூரி மலரின் வாயிலாகப் பழைய மாணவர் அன்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

யாம் சென்ற இடம் ஆபிரிக்காவின் தென்பாகத்திலுள்ள விக்ரோறியா நீர்வீழ்ச்சி. சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் சாம்பேசி நதியிலே அஃது அமைந்துள்ளது. வடகரையில், வீழ்ச்சியிலிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், சாம்பியாவுக்குரிய லிவிங்ஸ்ரன் நகரம் இருக்கின்றது. தென்கரையில் நீர்வீழ்ச்சியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிம்பாப்வேயின் சிறு நகரம் ஒன்று உளது. இரண்டனுக்கும் நடுவே பெரும் பள்ளமும் அதன் மீது ஒரு பாலமும்.

சென்றவர் யாம் மூவர். மூவரும் எம் இந்துக் கல்லூரியில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து கற்றவர்கள். இன்று ஒருவர் இலண்டனிலும், ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் மெல்பேணிலும் வாழ்கின்றோம். இத்துணைத் தொலைவிலுள்ள மூவர் ஆபிரிக்க நதியொன்றின் கரையிற் கூடியதற்குக் காரணம் ஒன்றுண்டு. அதனை முதலிற் சொல்லுதல் வேண்டும்.

எம்முள் ஒருவர் 1974ஆம் ஆண்டு முதல் 1979ஆம் ஆண்டு வரை சாம்பியாவின் தென் மாகாணத்து அரசினர் பாடசாலையொன்றிற் கணித ஆசிரியராகக் கடமையாற்றியவர். சாம்பியா 1964 ஒக்டோபர் 24இல் சுதந்திரம் அடைந்தபோது, அந்நாடு முழுவதிலும் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்த சுதேசிகள் நூறு பேரளவிலேயே இருந்தனர் என்பர். புதிய பாடசாலைகள் பல எழுந்தன. கற்பிப்பதற்கு ஆட்கள் இல்லை. ஆதலின் பிற நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வருவிக்கப்பட்டனர். இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள், கணக்காளர்கள், பொறியியலாளர்கள், வைத்தியர்கள் எனப் பலர் சென்றனர். அவருள் எம்மவர் தொகை சிறிதன்று.

எம் நண்பர் தமது சம்பளத்தின் பெரும் பகுதியை மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிவந்தார். தங்கையர் இருவரின் திருமணமும் தம்பியின் மேற்படிப்பும் அப்பணத்தினாலேயே நிறைவேறின. ஆதலின் உல்லாசப் பயணம் என்ற பேச்சுக்கே அவர் வாழ்விற் அன்று இடமிருக்கவில்லை. ஐந்து ஆண்டுகளில் ஒரேயொரு முறை, 1977ஆம் ஆண்டிலே, மாணாக்கரைக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றபோது நீர்வீழ்ச்சியைக் கண்டார். அன்றும் சாம்பியக் கரையிலிருந்தே காண முடிந்தது. மறுகரை அப்போது றொடீசியா என வழங்கிற்று. அங்கே போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1973இல் மூடப்பட்ட எல்லையைக் கடந்து செல்லுதல் இயலாத காரியமாயிருந்தது. பின்னர் அவர் நைஜீரியாவுக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் சென்றுவிட்டார். "பாதியைத்தான் கண்டனான், மற்றப் பாதி இன்னும் கடனாய்க் கிடக்குது" என்று பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் அவர் சிரித்தவாறே சொல்வதுண்டு. நாற்பத்தாறு ஆண்டுகளாகக் கிடந்த அக்கடனைத் தீர்ப்பதே எம் பயணத்தின் நோக்கம்.

பயணத்திற்குரிய நாளைச் சந்திரனைப் பார்த்தே நிச்சயித்தோம். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நீர்வீழ்ச்சியிலே நிலவு வில் தோன்றும் என்பது கேள்வி. 2023 யூன் 3ஆம் திகதி சனிக்கிழமை பௌர்ணமி. எம் நாட்டில் அன்று போசன் போயா. வெள்ளிக்கிழமை மாலை சென்று, சனியும் ஞாயிறும் தங்கி, திங்கள் காலை மீள்வதென முடிவு செய்தோம். லுசாக்காவிலிருந்து லிவிங்ஸ்ரனுக்கு வீதி வழியே ஏறக்குறைய 480 கிலோமீற்றர். வழியில் நண்பர் தாம் கற்பித்த பாடசாலையின் வாயிலில் வண்டியை நிறுத்தச் செய்தார். இறங்கவில்லை. வெள்ளைச் சட்டை அணிந்த பிள்ளைகள் மைதானத்தைக் கடந்து செல்வதைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "சரி, போவம்" என்றார். யாமும் ஒன்றும் வினவவில்லை.

நகரை அணுகுமுன்னரே தென்திசையில் வெண்மேகம் போன்ற ஒன்று நிலத்திலிருந்து எழுந்து நிற்பதைக் கண்டோம். நீர் மிகுந்த காலத்தில் அப்புகை 400 மீற்றருக்கு மேலாகவும் எழும். 50 கிலோமீற்றர் தொலைவிலும் தெரியும். அதுபற்றியே மக்கொலொலோ மக்கள் அதனை 'மோசி-ஓ-துன்யா' என்றழைத்தனர். 'முழங்கும் புகை' என்பது அதன் பொருள். தொங்கா மக்கள் 'சுங்கு நாமுட்டிட்டிமா', அஃதாவது கொதிக்கும் நீர் என்றனர். 1855 நவம்பர் 16இல் ஸ்கொத்துலாந்து நாட்டவரான டேவிட் லிவிங்ஸ்ரன் இங்கு வந்து சேர்ந்து, தம் நாட்டு மகாராணியாரின் பெயரை இதற்குச் சூட்டினார். மக்கொலொலோ அரசன் சேகெலேட்டு தந்த ஆட்களும் ஓடங்களுமே அவரை இங்கு கொணர்ந்து சேர்த்தன. 1989இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைச் சின்னமாகப் பதிவுசெய்தபோது பழம்பெயரையும் புதுப்பெயரையும் ஒருங்கே எழுதிற்று. அது நியாயமே. பெயரிட்டவர் ஒருவர், அதற்கு முன்னரே பெயரறிந்து வாழ்ந்தவர் பலர்.

சனிக்கிழமை காலையில் வடகரையை, அஃதாவது சாம்பியக் கரையைப் பார்க்கப் புறப்பட்டோம். நீர்வீழ்ச்சியின் அமைப்பினை ஈண்டுச் சிறிது விளக்குதல் நலம். இரண்டு கிலோமீற்றருக்குச் சிறிது குறைவான அகலத்தில், 1,708 மீற்றர் பரந்து, அவசரமின்றி வரும் நதி திடீரென நிலத்திலுள்ள ஒரு நீண்ட பிளவினுள் விழுகின்றது. விழும் ஆழம் சிலவிடங்களில் 108 மீற்றர் வரை உளது. நயாகராவின் அயலில் வாழும் நண்பர், அதனைப் போல் இருமடங்கு என்று கணக்கிட்டார். உயரம் ஒன்றையே நோக்குமிடத்து, எம் நாட்டின் பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர் கொண்டு இதனை எளிதில் வென்றுவிடும். ஆயின் அங்கே விழுவது ஒரு வெள்ளி நூல். இங்கே விழுவது ஒரு நதி முழுவதும். அவ்வாறு விழுந்த நீர் அத்தனையும் ஏறக்குறைய 110 மீற்றர் அகலமுள்ள ஒரேயொரு வாயில் வழியாக வெளியேறி, வளைந்து வளைந்து செல்லும் பள்ளத்தாக்குகளுட் பாய்கின்றது. அப்பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் நீர்வீழ்ச்சியாயிருந்தவை. கருங்கல்லிலுள்ள வெடிப்புகளை நீர் அரித்து அரித்து, ஏறக்குறைய ஓரிலட்சம் ஆண்டுகளில் ஏழு இடங்களைக் கைவிட்டு இப்போதைய எட்டாம் இடத்திற்குப் பின்வாங்கியிருக்கின்றது என்பர் புவியியலாளர். நதியும் இடம்பெயர்ந்தே வாழ்கின்றது.

பிளவின் மறுபுறத்திலே, வீழ்ச்சியை நேருக்கு நேர் நோக்கியவாறு காட்டுப் பாதை செல்கின்றது. அதிலுள்ள 'கத்திமுனைப் பாலம்' என்னும் ஒடுங்கிய நடைபாலத்தை அடைந்தபோது மேலிருந்து மழை பெய்தது. கீழிருந்தும் மழை பெய்தது. வாடகைக்குப் பெற்ற மழைச்சட்டைகள் பெயரளவுக்கே உதவின. கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றும் தெரியவில்லை. அணிந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பேசியது ஒருவர்க்கொருவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தோர் ஆறு என்பதனை அறியார். எமக்குள்ள வழுக்கியாறு மாரியில் மாத்திரம் ஓடுவது. நீர் என்றால் எமக்குக் கிணறு. துலா மிதித்துப் பட்டையால் இறைத்து, வாய்க்கால் மாறிக் கட்டி, பயிருக்கு அளந்து விடும் பொருள். அவ்வாறு பழகிய கண்கள், அளவின்றி, கேட்பாரின்றி, இரவும் பகலும் கொட்டும் இந்நீரைக் கண்டபோது மகிழ்ச்சியோடு ஒருவகைப் பதைப்பும் உண்டாயிற்று. "இதிலை ஒரு மணித்தியாலத் தண்ணி போதும், எங்கடை ஊருக்கு எத்தினை வருசம்!" என்று எம்முள் ஒருவர் கூறியது, பாலத்தைக் கடந்து அமைதியான இடத்திற்கு வந்தபின்னரே மற்றவர் காதில் விழுந்தது.

பாதையெங்கும் பெருங்குரங்குகள் உலாவுகின்றன. கையில் உணவுப் பொதியுடன் செல்வோரை அவை நன்கறியும். ரொறன்ரோவிலிருந்து ஆறாயிரம் மைல்களுக்கு மேல் பத்திரமாய் வந்து சேர்ந்த பருத்தித்துறை வடைப் பொட்டலம் ஒன்று, கண்மூடித் திறக்கும் முன் அவற்றுள் ஒன்றின் கைக்குப் போயிற்று. அது மரத்தின் மேலிருந்து ஒவ்வொன்றாய் உடைத்து உண்ட நேர்த்தியைக் கண்டு, பருத்தித்துறைக்கு அப்பாலும் அப்பண்டத்தின் அருமை உணர்வார் உளர் எனத் தேறினோம்.

நண்பகலில் லிவிங்ஸ்ரன் நூதனசாலைக்குச் சென்றோம். இது 1934இல் தொடங்கப்பெற்றது. லிவிங்ஸ்ரனின் கடிதங்களும் உடைமைகளும் இங்கே பேணப்படுகின்றன. அவர் 1873இல் இந்நாட்டின் உட்பகுதியிலே இறந்தபோது, அவருடைய இருதயத்தை அங்கே மரத்தடியில் அடக்கஞ் செய்துவிட்டு, உடலை உலர்த்திப் பதப்படுத்திச் சுமந்துகொண்டு, பல மாதங்கள் கால்நடையாக நடந்து இந்து சமுத்திரக் கரையைச் சேர்ந்தவர்கள் அவருடைய ஆபிரிக்கப் பணியாளர்களே. அவருள் சூமா, சூசி என்னும் இருவரின் பெயரைச் சரித்திரம் மறவாது வைத்திருக்கின்றது. இலண்டனிலே, சிங்கம் கடித்த பழைய தழும்புடைய கை எலும்பினைக் கொண்டே உடல் அவருடையது என உறுதிசெய்யப்பட்டது. 1874 ஏப்ரில் 18இல் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்தில் அடக்கஞ் செய்தனர்.

நூதனசாலையிற் கடமையிலிருந்த நடுவயதினர் ஒருவர், யாம் எவ்வூரினர் என வினவினார். நண்பர், தாம் ஒருகால் இம்மாகாணத்திற் கணிதம் கற்பித்தவர் என்றும் இலங்கையர் என்றும் கூறினார். அம்மனிதர் உடனே எழுந்து நின்றார். அவர் தந்தையார் இலங்கை ஆசிரியர் ஒருவரிடம் கணிதம் கற்று, பின்னர் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பெற்றவராம். அவ்வாசிரியரின் பெயரை முழுமையாகச் சொல்ல அவருக்கு இயலவில்லை; நீண்ட பெயர் என்றும், பிள்ளைகள் அதன் முதலெழுத்தை மாத்திரம் வைத்து 'மிஸ்ரர் எஸ்' என அழைப்பர் என்றும் தந்தையார் சொல்லக் கேட்டிருந்தார். எம் நண்பர் அவரல்லர். சிவஞானமோ, சுப்பிரமணியமோ, செல்லத்துரையோ, அவர் யாராயிருப்பார் எனப் பலவாறு எண்ணிப் பார்த்தும் துணியக்கூடவில்லை. விடைபெறும்போது அம்மனிதர் இரு கைகளையும் மெல்லத் தட்டி, சிறிது குனிந்து, "துவலும்பா, சேர்" என்றார். தொங்கா மொழியில் அதற்கு 'நாம் நன்றி கூறுகின்றோம்' என்பது பொருள். கூறியவர் ஒருவர், சொல்லோ பன்மை. தந்தையாரையும் சேர்த்தே கூறினார் என்று யாம் கொண்டோம்.

பிற்பகலில் மறம்பா என்னும் சந்தைக்குச் சென்று உலாவினோம். சோளமா, கச்சான், கீரை வகைகள், கரிபா ஏரியிற் பிடித்துக் காயவைத்த 'கப்பெந்தா' என்னும் சிறுமீன் ஆகியன குவியல் குவியலாக இருந்தன. கப்பெந்தாவை எம் நெத்தலிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட சகோதரம் எனலாம். அண்மையிலுள்ள எளிய உணவுச்சாலை ஒன்றில், சோளமாவைக் கிண்டிச் செய்த 'நிஷிமா' என்னும் கெட்டிக் களியைக் கையால் உருட்டிக் கீரைக்கறியிற் தொட்டு உண்டோம். நண்பர் மூன்று முறை கேட்டு வாங்கியுண்டார். அவர் தனித்துச் சமைத்துண்ட ஐந்தாண்டுகளின் சுவை அது.

அன்றிரவே மீண்டும் நீர்வீழ்ச்சிக்குச் சென்றோம். பௌர்ணமியை அடுத்த இரவுகளிற் பூங்கா இதற்கென்றே திறந்துவைக்கப்படுகின்றது. யூன் மாதம் அங்கே குளிர்காலம். கம்பளிச் சட்டையின்றி நிற்க இயலாது. சந்திரன் எம் முதுகுப்புறமாக எழுந்து வந்தான். பகலிலே பேரொலியாய் இருந்தது இரவில் இன்னும் பேரொலியாய்த் தோன்றிற்று. நீர்ப்புகையின் மீது முதலிலே வெண்மையான ஒரு வளைவு தெரிந்தது. திருநீற்றுக் குறிபோல் மெல்லியதாய், ஓரிடத்தில் நிலைத்து நின்றது. நெடுநேரம் உற்று நோக்கியபின் அதன் ஓரங்களிற் செம்மையும் நீலமும் சாயலாகத் தென்பட்டன. அங்கு நின்ற முப்பது நாற்பது பேரும் பேசவில்லை. நேரம் போனது எமக்குத் தெரியவில்லை. காவலர் வந்து அழைத்த பின்னரே திரும்பினோம்.

ஞாயிறு காலையிலே பாலத்தைக் கடந்தோம். நண்பருக்கு நாற்பத்தாறு ஆண்டுகளாக இயலாதிருந்த காரியம் அது. சாம்பிய எல்லை அலுவலகத்திலிருந்து சிம்பாப்வே எல்லை அலுவலகம் வரை நடந்தே செல்லலாம். இரு நாடுகட்கும் பொதுவாக 'காசா' என்னும் ஒரே விசா 50 அமெரிக்க டொலருக்கு வழங்கப்படுகின்றது. அதனை முன்னரே பெற்றிருந்தோம். இளம் உத்தியோகத்தர் ஒருவர் எம் கடவுச்சீட்டுகள் மூன்றையும் மேசைமேல் விரித்து வைத்தார். ஒன்று பிரித்தானியா, ஒன்று கனடா, ஒன்று அவுஸ்திரேலியா. மூவரும் உறவினரா எனக் கேட்டார். பாடசாலைத் தோழர்கள் என்றோம். எந்நாட்டுப் பாடசாலை எனக் கேட்டார். மூன்று சீட்டுகளிலும் இல்லாத நாட்டின் பெயரைச் சொன்னோம். அவர் ஒரு முறை எம்மையும் ஒரு முறை சீட்டுகளையும் நோக்கிவிட்டு, ஒன்றும் பேசாது முத்திரை குத்தித் தந்தார்.

அப்பாலம் கதைகள் பல உடையது. கெய்ரோ வரை புகையிரதப் பாதை அமைக்கக் கனாக் கண்ட செசில் றோட்ஸ், வண்டிகள் மீது நீர்வீழ்ச்சியின் தூவானம் படுமாறு பாலம் அமைதல் வேண்டும் என விரும்பினார். ஆயின் நீர்வீழ்ச்சியை ஒருநாளும் கண்ணாற் காணாமலே 1902இல் இறந்தார். இங்கிலாந்தின் டார்லிங்ரன் நகரிற் செய்த இரும்புப் பகுதிகள் கப்பலேறி வந்து, இரு கரைகளிலிருந்தும் ஒருங்கே கட்டப்பட்டு, 1905 ஏப்ரில் 1இல் நடுவிலே பொருந்தின. அவ்வாண்டு செப்டெம்பர் 12இல் பேராசிரியர் ஜோர்ஜ் டார்வின் பாலத்தைத் திறந்துவைத்தார். இவர் கூர்ப்புக் கொள்கை கண்ட சாள்ஸ் டார்வினின் புதல்வர். பாலம் நீர்மட்டத்திலிருந்து 128 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது.

1975 ஓகஸ்டில் இப்பாலத்தின் நடுவே ஒரு புகையிரதப் பெட்டியை நிறுத்தி, அதனுள் ஒரு மகாநாடு கூட்டினர். றொடீசியப் பிரதமர் இயன் சிமித்தின் தரப்பினர் தமது எல்லைக்குள்ளும், ஆபிரிக்கத் தேசியத் தலைவர்கள் சாம்பிய எல்லைக்குள்ளும் அமரத்தக்கதாகப் பெட்டி நிறுத்தப்பட்டது. சாம்பிய சனாதிபதி கென்னத் கவுண்டாவும் தென்னாபிரிக்கப் பிரதமர் வோஸ்டரும் இணக்கங் காண முயன்றனர். பேச்சு ஒரு நாளைக்கு மேல் நிலைக்கவில்லை. ஒரே மேசையின் இரு புறத்திலும் இருந்து, தத்தம் நிலத்தை விட்டு ஓரடியும் நகராது பேசியவர்கள், அதன்பின் இன்னும் நான்கு ஆண்டுகள் போர் புரிந்தே 1980இற் புதிய நாட்டைக் கண்டனர். அந்நாளிலே அண்மையில் ஆசிரியராயிருந்த எம் நண்பர், பாலத்தின் நடுவில் நின்று இக்கதையை எமக்கு உரைத்தார். கேட்டுக்கொண்டு நின்ற எம் மனத்தில் எழுந்த எண்ணங்களை இங்கே எழுதவேண்டியதில்லை. எம் நாட்டு வாசகர் தாமே அறிவர்.

தென்கரையிலே காட்சி முற்றிலும் வேறு. வடகரையில் நீர் எம்மேல் விழுந்தது. தென்கரையில் நீர் எம் கண்முன் விழுந்தது. நீர்வீழ்ச்சியின் பெரும் பகுதியை, ஏறக்குறைய முக்காற் பங்கினை, இக்கரையிலிருந்தே நேரே காணலாம். சாத்தான் வீழ்ச்சி, பெருவீழ்ச்சி, குதிரை இலாட வீழ்ச்சி, வானவில் வீழ்ச்சி என ஒன்றன்பின் ஒன்றாய் வெண்திரைகள் தொங்குகின்றன. தூவானத்தையே மழையாகக் கொண்டு வளர்ந்த பசுங்காடு ஒன்று கரை நெடுகிலும் உளது. அதற்கு நூறு யார் அப்பாற் சென்றாற் காய்ந்த புல்வெளி. சற்றுத் தொலைவிற் பருத்த அடிமரத்தோடு பெருக்க மரங்கள் நிற்கின்றன. மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்க மரங்கள் பண்டைக்காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்தவை. பிறந்த இடத்தில் அவற்றைக் கண்டது, அயலவரின் பூர்வீக வீட்டைக் கண்டது போலிருந்தது.

சாத்தான் வீழ்ச்சிக்கு அருகே லிவிங்ஸ்ரனின் சிலை நிற்கின்றது. சிலையைக் காட்டிலும் அவர் செய்த சிறு செயல் ஒன்றே எமக்கு அவரை நெருக்கமாக்கிற்று. வீழ்ச்சியின் விளிம்பிலுள்ள தீவிலே 1855இல் அவர் பீச்சு, அப்பிரிக்கொட்டு ஆகிய பழங்களின் விதைகளும் கோப்பி விதைகளும் நாட்டி, ஒரு மரத்திலே தம் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் பொறித்தார். 1860இல் மீண்டும் வந்து பார்த்தபோது நீர்யானைகள் தோட்டத்தை மிதித்து அழித்திருந்தன. சென்றவிடத்தில் ஏதேனும் நாட்டிவிட்டு வரும் ஆசை எல்லார்க்கும் பொதுவானது போலும்.

பாதையின் முடிவில் 'அபாய முனை' என்னும் பாறை இருக்கின்றது. வேலி இல்லை, வழுக்கும் கற்கள் உள. கைத்தடியும் தோழர் தோளும் துணையாக நண்பர் அங்கே சென்றார். எதிரே, பிளவின் அப்பால், முதல் நாள் யாம் நனைந்த கத்திமுனைப் பாலம் தூவானத்தினூடே தெரிந்தும் மறைந்தும் தோன்றிற்று. அவர் நெடுநேரம் அதனையே நோக்கி நின்றார். பின்பு கையை நீட்டி, "அதோ, அந்த இடத்திலைதான் பிள்ளையளை வரிசையாய் நிக்க வைச்சு எண்ணினனான். முப்பத்திரண்டு பேர். ஒருத்தரும் விழுந்துபோகக் கூடாதெண்டு எண்ணிக்கொண்டே நிண்டன். வீழ்ச்சியைப் பாக்கேல்லை" என்றார். அன்று அவர் கண்டது பாதியும் அன்று என்பது அப்போதே எமக்கு விளங்கிற்று. பொறுப்புடைய ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைக் கண்டார்; நீர்வீழ்ச்சியைப் பிள்ளைகள் கண்டனர்.

ஞாயிறு மாலை, வீழ்ச்சிக்கு மேலாக நதி அமைதியாய் ஓடும் இடத்திற் படகேறினோம். நீர்யானைகள் மூக்கும் காதும் மாத்திரம் வெளியே தெரிய மூழ்கிக் கிடந்தன. யானைக் கூட்டம் ஒன்று கன்றுகளை நடுவில் விட்டு நீந்தித் தீவொன்றிற்கு ஏறிற்று. சூரியன் நதியிலேயே அஸ்தமித்தது. இரண்டு மணித்தியாலங்கள் இவ்வாறு இருந்தது முழங்கால்கட்குப் பெரும் ஆறுதல்.

யாம் செய்யாது விட்டவையும் பல. பாலத்திலிருந்து காலிற் கயிறு பூட்டி 111 மீற்றர் கீழே குதிக்கும் விளையாட்டு உண்டு. இளைஞர் சிலர் குதித்ததைக் கண்டு கைதட்டினோம். ஹெலிகொப்ரரில் ஏறி மேலிருந்து பார்ப்பதும் உண்டு. நீர் குறைந்த மாதங்களில் வீழ்ச்சியின் விளிம்பிலேயே அமைந்த குளத்தில் நீந்துவாரும், பள்ளத்தாக்கிலே இறப்பர்ப் படகு செலுத்துவாரும் உளர். செல்வோர் தத்தம் வயதையும் பணத்தையும் நோக்கித் துணிவாராக.

பருவத்தையும் அறிந்து செல்லுதல் வேண்டும். ஏப்ரில் அளவில் வெள்ளம் உச்சமடையும். அப்போது முழக்கம் மிகும், ஆயின் புகை மறைப்பதனாற் காட்சி குன்றும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் நீர் மிகக் குறைந்து, சாம்பியக் கரையிற் பாறையே பெரிதும் தெரியும். யூன், யூலை மாதங்கள் நடுத்தரமானவை. மழை பொய்த்த 2019இன் பிற்பகுதியில் வீழ்ச்சி பல ஆண்டுகளிற் காணாத அளவுக்கு மெலிந்தது. யாம் மீண்டபின், 2024இல் கொடிய வரட்சி வந்து, சாம்பிய அரசாங்கம் அதனைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனஞ் செய்தது. நீர்மின் வலுவையே நம்பிய நாட்டில் மின்சாரம் நாளிற் பல மணி நேரம் இல்லாதொழிந்தது. அளவின்றிக் கொட்டும் நீர் என்று மேலே எழுதினோம். அதற்கும் அளவுண்டு.

குறுகிய காலத்திற்குச் செல்லும் அன்பர்கட்கு எம் யோசனை இதுவே. இரண்டு நாட்கள் போதும். ஒரு நாள் ஒரு கரைக்கும், மறு நாள் மறு கரைக்கும் கொடுக்க. ஒரு கரையை மாத்திரம் பார்த்து மீள்வோர் நனைந்த கதையையோ, கண்ட காட்சியையோ கொண்டு செல்வர். இரண்டும் சேர்ந்ததே நீர்வீழ்ச்சி. இயலுமாயின் பௌர்ணமியை ஒட்டிச் செல்க. நூதனசாலைக்கு இரண்டு மணி நேரமும், சந்தைக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்குக. கைப்பொதியைக் குரங்குகட்கு மறைத்துக் கொள்க.

இன்னொன்றும் உண்டு; அது பயணஞ் செய்யாதோர்க்கும் உரியது. சாம்பியாவிலும் நைஜீரியாவிலும் பிற ஆபிரிக்க நாடுகளிலும் கற்பித்த எம் பழைய மாணவர் எத்தனை பேர், எவ்வூர்களிற் கற்பித்தனர் என்னும் விபரம் ஓரிடத்திலும் ஒழுங்காக எழுதப்படவில்லை. அவருட் பெரும்பாலோர் இன்று எண்பதை அணுகியோர், சிலர் மறைந்துவிட்டனர். அவரிடம் பயின்ற பிள்ளைகளின் பிள்ளைகள் நன்றி கூற எழுந்து நிற்கின்றனர்; எவர்க்கு என்பதனை அறியாது ஓர் எழுத்தை மாத்திரம் நினைவில் வைத்திருக்கின்றனர். லிவிங்ஸ்ரனைச் சுமந்தவரின் பெயரையும் சரித்திரம் காத்து வைத்திருக்க, எம் கல்லூரி பெற்று அனுப்பிய ஆசிரியரின் பெயரை யாம் இழத்தல் தகாது. சங்கத்தார் அடுத்த மலருக்குள் அப்பெயர்களைத் திரட்டுவாராக. அறிந்தவர்கள் தாம் அறிந்த பெயரையும், ஊரையும், ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அனுப்புவாராக. 'எஸ்' என்னும் எழுத்திலே தொடங்கும் நீண்ட பெயருடைய கணித ஆசிரியர் ஒருவரை அறிந்தவர் எவரேனும் இருப்பின், அவர் முந்துவாராக.